பத்து மணி மாத்திரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், உப்பங்கழிக் காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற பெரிய கிடங்குகளைப் பாண்டிகசாலை என்பார்கள். அவற்றில் ஒன்றில், வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் சந்தேகப்படுவதற்கென்றே ஒருத்திக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். அவள்தான் ஆவுடையம்மாள்.

சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து, கல்யாணம் முடிந்த கையோடு, கைவண்டி இழுக்கும் செல்லப்பாவின் பின்னால் கொச்சிக்கு வந்தவள். முதல் நாலு வருஷம் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கினாள். ஒருநாள், நல்ல சரக்கு என்று எல்லோரும் தலையாட்டிவிட்ட மிளகு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பப்பாளி விதையை அள்ளி முதலாளி சேட்டின் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேலை மாறியது. மிளகைத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பொக்கைத் தனியே அள்ளுவாள். சுக்கை வெள்ளையாகக் காட்ட சுண்ணாம்பு பூசுவார்கள். அளவுக்கு மேல் பூசியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு துண்டின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிவாள். நுரை பொங்கினால் மூட்டை திரும்பிப் போகும். கொண்டுவந்தவன் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

இந்தப் புத்தி வேலையோடு நிற்கவில்லை. பாலை விரலில் தொட்டு நகத்தில் வைத்துப் பார்ப்பாள். மீன்காரி செவுளைத் திறந்து காட்டினால், இன்னொரு மீனின் செவுளைத் தானே திறப்பாள். செல்லப்பா எல்லோரையும் நம்புகிற மனுஷன். ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டான்: “கல்யாணத்தன்னிக்கு என்னையும் தண்ணியில போட்டுப் பாக்கணும்னு தோணியிருக்குமே ஒனக்கு?”

“தோணிச்சு. ஒங்க ஆளுக நேரம் குடுக்கல” என்றாள் ஆவுடையம்மாள்.

1976ஆம் வருஷம் மழை தொடங்கின சமயம், பாண்டிகசாலையில் பெண்களுக்கு வாய்ப்புண் வந்தது. ஒருத்திக்கு இரண்டு வாய்க்கோணமும் வெடித்தது. இன்னொருத்திக்கு நாக்கு சிவந்து, காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவுடையம்மாளுக்கு இரண்டும் இருந்தன. போதாததற்கு உள்ளங்கால் வேறு எரிந்தது. மிளகுத் தூசியும் சுண்ணாம்பும்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா, மத்தியானம் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் ஒரு துண்டு கருவாடும், சாயங்காலம் ரேஷன் அரிசிக் கஞ்சி என்று ஓடிக்கொண்டிருந்த வயிற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் சீனியம்மாள் என்ற வயதான பெண் முறத்தோடு சாய்ந்து விழுந்தாள். சேட்டின் வீட்டுக்கு வந்துபோகிற லேடி டாக்டர் அன்று பக்கத்தில் இருந்ததால் அவரையே கூட்டிவந்தார்கள். அவர் சீனியம்மாளைப் பார்த்து முடித்ததும், சுற்றி நின்ற பெண்களை வரிசையாக நாக்கை நீட்டச் சொன்னார். பதினேழு நாக்குகளையும் பார்த்துவிட்டு, மலையாளத்தில் சேட்டிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார். சேட்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மேஸ்திரி ராசப்பன் அதைப் பெண்களுக்குத் தமிழில் சொன்னார். ராசப்பனின் அப்பா நாகர்கோவில்காரர். ராசப்பன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொச்சியில்தான். “வயிறு நிறையுது, சத்து சேரலையாம். பி வைட்டமின் குறைவாக்கும் என்று டாக்டர் பறையுறாங்க. தினம் ஆளுக்கொரு மாத்திரை. சேட்டு வாங்கித் தருவார். பத்து மணிச் சாயாவோட நான் தருவேன், எம் முன்னால வெச்சே விழுங்கணும்.”

மறுநாளே பெரிய தகர டப்பா ஒன்று வந்தது. உள்ளே சிவப்பு மாத்திரைகள், வழவழவென்று, குன்றிமணி மாதிரி. ராசப்பன் ஆளுக்கொன்று உள்ளங்கையில் வைத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிற வரைக்கும் நின்று பார்த்தார். கடைசியில் தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அதை ஆவுடையம்மாள் கவனிக்கவில்லை. அவள் யோசனை வேறெங்கோ இருந்தது. மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்றச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள், சேட்டு காது கொடுக்கவில்லை. அந்த மனுஷன் சும்மா மாத்திரை வாங்கித் தருவானா? சரி, தருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். விழுங்குகிறார்களா என்று எதற்குக் காவல்?

விழுங்கினாள். வேறு வழியில்லை.

அடுத்த நாள் விடிகாலை, லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மறைப்பிலிருந்து அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சிறுநீர் மஞ்சளாகப் போயிருந்தது. வெயில் நாளில் போகிற மஞ்சள் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குழைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றினது மாதிரி, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

அது எமர்ஜென்சிக் காலம். எங்கெங்கோ குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போடுகிறார்கள், ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நாலு விதமான பேச்சு பஜாரில் ஓடிக்கொண்டிருந்தது. எது நிஜம், எது புரளி என்று கேட்கவும் பயம். வடக்கே எந்த ஊரிலோ பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்களாம் என்பார்கள். ஊரின் பெயரைக் கேட்டால் சொன்னவனுக்குத் தெரியாது. ஆவுடையம்மாளுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். இன்னொன்று வேண்டும் என்று அவளுக்கும் ஆசை, செல்லப்பாவுக்கும் ஆசை. மஞ்சளைப் பார்த்த மறு நிமிஷம், அவள் மனதில் அந்தப் பேச்சுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் முடிவே கட்டிவிட்டாள்.

முதலில் லதீஃபாவிடம் சொன்னாள். லதீஃபா பாலக்காட்டுப் பெண். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. புருஷன் வீட்டில் அவளுக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

“லதீஃபா, காலைல ஒனக்கு எப்படிப் போச்சு?”

“என்னக்கா கேள்வி இது?”

“சொல்லுட்டீ.”

லதீஃபா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மஞ்சளாட்டு.”

“எனக்கும்தான். கர்ப்பத்தைக் கரைக்க மருந்து குடுக்கான் சேட்டு. கவர்மெண்டுக்காரன் சொல்லியிருப்பான். இல்லாட்டி நம்ம நாக்கு மேல இவனுக்கென்ன அக்கறை?”

லதீஃபாவின் கை முறத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

மத்தியானச் சோற்றுக்குள் பதினேழு பேருக்கும் சேதி போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் மாத்திரையை வாங்கி, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, சாயாவைக் குடித்து, ராசப்பன் திரும்பியதும் ஓடைப் பக்கம் போய்த் துப்பினார்கள். சீனியம்மாள் மட்டும், “எனக்கு இனிமேலா புள்ள பொறக்கப் போவுது” என்று விழுங்கிவிட்டாள்.

ஆவுடையம்மாள் தன் பங்கைத் துப்பவில்லை. முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். என்ன என்று தெரியாத ஒரு சரக்கைத் தூக்கி எறிவது அவளால் முடியாத காரியம். பாக்குவெட்டியால் ஒன்றை இரண்டாக நறுக்கினாள். சிவப்புத் தோலுக்கு உள்ளே அழுக்கு மஞ்சள். மூக்கில் வைத்தால் புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். தண்ணீரில் போட்டாள், தண்ணீர் மஞ்சளானது. இவ்வளவு நாற்றம் பிடித்த பொருளை யாரும் நல்லதுக்கென்று செய்வார்களா என்று தோன்றியது. நல்லதென்று ஏமாற்ற நினைக்கிறவன் வாசனை சேர்த்திருப்பானே என்றும் தோன்றியது.

பக்கத்து வீட்டு ஜொஹரா பீவி கோழி வளர்த்தாள். ஆவுடையம்மாள் அவளிடம் சொல்லாமல், முட்டையிடுகிற கோழி ஒன்றுக்குத் தினம் ஒரு மாத்திரையைப் பொடித்து, சோற்றுப் பருக்கையில் பிசைந்து வைத்தாள். முட்டை நிற்கிறதா என்று பார்க்கத்தான். ஐந்து நாள் வைத்தாள். கோழி ஐந்து நாளில் நாலு முட்டை இட்டது. போதாததற்கு முன்னைவிடத் தெம்பாக ஆவுடையம்மாளைக் கண்டால் வாசல் வரை ஓடிவந்தது. ஆறாம் நாள் ஜொஹரா பீவி அதைப் பார்த்துவிட்டு, “என் கோழிக்கு என்ன வசியம் வெச்சே?” என்று கேட்டாள். ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோழிக்குச் செய்யாததை மனுஷிக்குச் செய்யாது என்று யார் சொன்னது?

அதற்குள் வாய்ப்புண் முற்றி, சாப்பிட முடியாமல் போயிற்று. கப்பையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். இதற்கு நடுவில், மாத்திரையை விழுங்கிவந்த சீனியம்மாள் மட்டும் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அதுதான் அவளை உலுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை போட் ஏறி எறணாகுளம் போனாள். மட்டாஞ்சேரி மருந்துக் கடைக்காரர்களை அவள் நம்பவில்லை. எல்லோரும் சேட்டுக்கு வேண்டியவர்கள். பிராட்வே கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, யாரும் தன்னைத் தெரிந்திராத ஒரு கடையில் ஏறினாள். கல்லாவில் இருந்தவர் சிவராமகிருஷ்ணன் என்ற கல்பாத்திக்காரர். நெற்றியில் விபூதி, மூக்குநுனியில் கண்ணாடி. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை வைத்தாள்.

“இது என்னன்னு பாருங்க சாமி.”

அவர் கையில் எடுத்து உருட்டினார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். “பி காம்ப்ளக்ஸாக்கும். எங்கேர்ந்து வாங்கினேள்?”

“புள்ள பொறக்காம இருக்க மாத்திரையா?”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “அது வேற. இது வாய்ப்புண்ணுக்கும், கால் எரிச்சலுக்கும், அசதிக்கும் தர்றது. நீங்க பேசறச்சயே தெரியறதே, உங்க வாய்க் கோணத்தைப் பார்த்தா.”

“அப்ப ஏன் மஞ்சளா...” என்று ஆரம்பித்து, ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நிறுத்தினாள்.

“மஞ்சளாப் போகும். அதுல ஒரு வைட்டமின் மஞ்சள் நிறம். உடம்பு வேணுங்கறதை எடுத்துண்டு மிச்சத்தைத் தள்ளிடும். அதுல பயப்பட ஒண்ணுமில்லே.”

ஆவுடையம்மாள் மாத்திரையை அவர் பக்கமாகத் தள்ளினாள். “நீங்க தின்னுங்க, பாப்போம்.”

கடையிலிருந்த வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவராமகிருஷ்ணன் அந்த மாத்திரையை எடுத்து, வியர்வையில் சாயம் கொஞ்சம் மங்கியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்து, தட்டிலேயே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, அதே மாதிரி ஒன்றை உள்ளங்கையில் கொட்டி, கூஜாத் தண்ணீரோடு விழுங்கினார். “உங்க முந்தானைல கெடந்ததை எப்படிம்மா திங்கறது? இதும் அதுதான். ரெண்டையும் வெட்டிப் பாருங்கோ.”

அவள் வெட்டிப் பார்த்தாள். அங்கேயே, அவர் கொடுத்த பிளேடால். இரண்டிலும் ஒரே அழுக்கு மஞ்சள், ஒரே நாற்றம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆவுடையம்மாள் மாத்திரையை விழுங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து பேர் தன் பேச்சைக் கேட்டுத் துப்பிக்கொண்டிருக்கும்போது, தான் மட்டும் விழுங்குவது திருட்டு மாதிரி இருந்தது. ஆனாலும் முதலில் தன் உடம்பில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். இரண்டு வாரத்தில் வாய்க்கோணம் மூடியது. மூன்றாவது வாரம் மீன்குழம்பை எரிச்சல் இல்லாமல் சாப்பிட்டாள். பிறகுதான் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் கேட்கவில்லை. சேட்டு இவளுக்கு ஏதோ கொடுத்து வாயை அடைத்துவிட்டான் என்று ஒருத்தி சொன்னாள். லதீஃபா அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“நீதானேக்கா கர்ப்பத்தைக் கரைக்கும்னு சொன்னே?”

“தெரியாமச் சொன்னேன்.”

“இப்ப தெரிஞ்சு சொல்லுறியா?”

“கடையில கேட்டேன். அவரு என் முன்னால தின்னு காட்டினாரு.”

“ஆம்பளைதானே? அவருக்கென்ன கரையப் போவுது?” என்றாள் லதீஃபா.

ஆவுடையம்மாள் லதீஃபாவின் இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

லதீஃபா கிட்டத்தட்ட ஒரு வருஷம் புண் நாக்கோடு வேலை செய்தாள். ஆவுடையம்மாள் தினமும் தன் சோற்றிலிருந்து ஒரு பிடி முருங்கைக்கீரையோ, அவித்த முட்டையோ கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைப்பாள். லதீஃபா சிலநாள் எடுப்பாள், சிலநாள் எடுக்க மாட்டாள். எழுபத்தேழில் அவள் கர்ப்பமானாள். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரைகளோடு இதையும் கொடுத்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பாண்டிகசாலைக்கு வந்து, ஆவுடையம்மாளின் கையில் வைத்தாள். “வெட்டிப் பாத்துச் சொல்லு.” ஆவுடையம்மாள் வெட்டினாள், முகர்ந்தாள். “அதேதான். தின்னு.” லதீஃபா மறுபாதியை முகர்ந்து பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

ஆவுடையம்மாளுக்கு மூன்றாவது பிறக்கவில்லை. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சில காலைகளில், அந்த மஞ்சளைப் பார்க்கும்போது, தெரியும் என்பது கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும்.

இப்படியே நாலைந்து வருஷம் போயிற்று. மாத்திரை தின்பது சாயா குடிப்பது போலப் பழகிப்போயிற்று. ஒரு டப்பா தீர்ந்தால் இன்னொன்று வரும்.

1981இல், ஓணம் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஆவுடையம்மாளுக்குக் காலையில் ஏதோ குறைவது போல் இருந்தது. என்னவென்று இரண்டு நாள் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பிடிபட்டது. மஞ்சள் இல்லை.

பத்து மணிக்கு மாத்திரையை வாங்கி, வாயில் போடாமல் கையில் வைத்துப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே வழவழப்பு. டப்பா புதிது. மூக்கில் வைத்தாள், நாற்றம் இல்லை. நாக்கில் வைத்தாள், இனித்தது. பல்லால் கடித்தாள். உள்ளே வெள்ளை.

சாயங்காலம் பெண்களிடம் சொன்னபோது ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். “அன்னிக்கு மஞ்சளாப் போவுதுன்னு பயங்காட்டினே. இன்னிக்கு மஞ்சளாப் போகலன்னு பயங்காட்டுறே. என்னதான் போகணும் ஒனக்கு?” எல்லோரும் சிரித்தார்கள். லதீஃபாகூடச் சிரித்துவிட்டாள். புது மாத்திரை இனிப்பாக இருந்தது, நாற்றமில்லை, ஆளுக்கு இரண்டு கொடுத்தாலும் தின்பார்கள். யாருக்குக் குறை?

ஆவுடையம்மாள் தன்பாட்டுக்கு யோசித்தாள். டப்பா வைக்கிற அலமாரியின் சாவி ராசப்பனிடம். எடுத்துக் கொடுப்பது ராசப்பன். அவருடைய மச்சினன் தோப்பும்படியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நல்ல மாத்திரை அங்கே போகிறது, மிட்டாய் இங்கே வருகிறது. கணக்கு சரியாக வந்தது. இத்தனை வருஷம் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள், மறுபக்கம் இதைச் செய்திருக்கிறான். ஒரு மாதம் பொறுத்தாள். இரண்டு மூன்று பேருக்கு வாய்க்கோணம் மறுபடி வெடிக்கத் தொடங்கியது. அவளுக்கு உள்ளங்கால் எரிந்தது.

மாதம் ஒருமுறை சேட்டு பத்து மணிக்குப் பாண்டிகசாலைக்கு வந்து சரக்கைப் பார்ப்பார். அன்று அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த சமயம், ராசப்பன் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் தன் மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராகச் சேட்டின் முன்னால் போனாள். சுக்கு சோதிக்கிற தட்டில் வைத்து, கல்லால் நசுக்கினாள். இடுப்பிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தாள்.

வெள்ளைப் பொடி சீறி நுரைத்தது.

“பாத்தீங்களா மொதலாளி. சாக்பீஸ் பொடி” என்றாள். “சுக்கு மூட்டையா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். எங்க வயித்துக்குள்ள போறதால விட்டுட்டேன் இத்தனை நாளு. நல்லதை வித்துட்டு இதைக் கலக்குற ஆளு இங்கதான் நிக்காரு. மேஸ்திரி அண்ணாச்சியைக் கேளுங்க, அவரு மச்சினன் கடையில என்ன சிவப்பு மாத்திரை இருக்குன்னு.”

கிடங்கு முழுக்க முறங்கள் நின்றன. ராசப்பன் டப்பாவை மெல்லக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நடந்து வந்து ஆவுடையம்மாளின் முன்னால் நின்று, வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

நாக்கு ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மீசைக்கு அடியில் வாய்க்கோணம் இரண்டும் வெடித்திருந்தன. அதை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

“தினம் கடைசி மாத்திரை எனக்காக்கும்” என்றார். “ஆறாவது வருஷம். ஒங்களுக்குத் தந்தது எதுவோ அதையேதான் நானும் தின்னேன். நீ ஒருநாளும் கண்டதில்லையா ஆவுடை?”

ஆவுடையம்மாள் கண்டதில்லை. ஒவ்வொரு மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்தவள், பத்தடி தூரத்தில் தினம் நடந்ததைக் கண்டதில்லை.

சேட்டு எழுந்து வந்து தட்டில் நுரை அடங்குவதைப் பார்த்தார். பிறகு தன் உடைந்த மலையாளத்தில், தமிழும் கலந்து, மெதுவாகச் சொன்னார். டப்பாவை ராசப்பன் வாங்கவில்லை, தானே வாங்கினார். பம்பாயிலிருந்து வந்த ஒரு தரகன், முன்பு வாங்கின அதே மாத்திரைதான், விலை பாதி என்று சொன்னான். ஜாதிக்காய் வாங்கினாலும் உடைத்துப் பார்க்காமல் வாங்காதவர், இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“பெண்ணுங்களுக்குத்தானே என்று நினைத்தேன்” என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னார். அன்று பெண்கள் யாரும் அவரோடு பேசவில்லை. ஒரு வாரத்துக்குள் பழைய டப்பா மாதிரியே வேறொன்று வந்தது. அதைப் பிரிக்கும் முன் சேட்டு ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார். அவள் ஒன்றை எடுத்து வெட்டி, முகர்ந்து, தலையாட்டினாள். பிறகு டப்பாவை ராசப்பனிடம் கொடுத்தாள். அவர் அவள் கையில் படாமல் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ராசப்பன் அவளோடு பேசவில்லை. பத்து மணிக்கு வரிசையில் அவள் முறை வரும்போது மாத்திரையை உள்ளங்கையில் வைக்காமல், பக்கத்திலிருந்த சாக்கின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். விழுங்குகிறாளா என்று நின்று பார்ப்பதும் இல்லை. ஆவுடையம்மாள் அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விழுங்கினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. இரண்டு தடவை அவர் மேஜைக்கருகே போய் நின்று, மிளகு வரத்து பற்றி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“போய்க் கேட்டுரு. மாத்திரை விழுங்குற மாதிரிதான், ஒரு மடக்குத் தண்ணி” என்றான் செல்லப்பா.

“கேட்டா, இவ இப்ப எதுக்குக் கேக்கான்னு அவரு நெனப்பாரு.”

“எல்லாரும் ஒன்னைமாதிரியே நெனப்பாங்களா?”

எண்பத்திமூன்றில் ராசப்பனின் மகளுக்குச் சுள்ளிக்கல்லில் கல்யாணம். பாண்டிகசாலையில் பதினாறு பேருக்கும் கையில் வெற்றிலை வைத்து அழைத்தார். ஆவுடையம்மாளை அழைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு, குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டின் பின்பக்கமாகப் போனாள். சமையல்காரர்கள் மலையாய்க் குவிந்த பூசணிக்காயோடு திணறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளை யார் என்று கேட்கவில்லை. அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூசணி முடிந்ததும் சேனை; சேனை முடிந்ததும் தேங்காய். லதீஃபா பார்த்துவிட்டு, “அக்கா, கூப்பிடாமலா வந்தே?” என்று காதில் கேட்டாள். “அவரு கூப்பிடாததுல நியாயம் இருக்கு. நான் வராம இருந்தா அதுல இல்ல” என்றாள் ஆவுடையம்மாள், கையை நிறுத்தாமல்.

ஒன்பது மணிவாக்கில் ராசப்பன் சாம்பாருக்கு உப்புப் பார்க்கப் பின்பக்கம் வந்தார். அவளைப் பார்த்தார். நின்றார். தோளில் கிடந்த புது நேரியலைச் சரிசெய்துகொண்டார். ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். கையெல்லாம் தேங்காய்த் துருவல்.

“அண்ணாச்சி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றாள். “மாத்திரையைப் பாத்தேன், ஆளைப் பாக்கல.”

அவர் அடுப்பின் பக்கம் திரும்பிக் கரண்டியில் சாம்பாரை எடுத்து ஊதி, உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். “உப்பு கொறவு” என்று சமையல்காரரிடம் சொன்னார். பிறகு, அவளைப் பார்க்காமலே, “நானும் ஒருநாள் கடிச்சுப் பாத்திருக்கலாம். இனிச்சுதே, எனக்கும் இஷ்டமாயிருந்துச்சு” என்றார்.

“எல்லாருக்கும் இஷ்டமாத்தான் இருந்துச்சு.”

“ஒன் வீட்டுக்காரன் வரலையா?”

“கூப்பிடலையே.”

“ஆள் அனுப்பு. முதல் பந்தியிலே ரெண்டு இலை போடச் சொல்லுறேன்” என்று சொல்லிவிட்டு ராசப்பன் முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று உள்ளே போனார். ஆவுடையம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். துருவ வேண்டிய தேங்காய் இன்னும் பதினைந்துக்கு மேல் இருந்தது. லதீஃபாவைக் கூப்பிட்டு, “ஓடிப்போய் அவரை வெள்ளை வேட்டி கட்டிட்டு வரச் சொல்லு” என்றாள்.